உப்பும் ஒளியும்

முற்காலத்தில் கல்வி கற்க விரும்பியோர் ஊரை விட்டுப் புறப்பட்டனர். ஆசிரியர் உறையும் இடமே பள்ளியாக விளங்கிற்று. அவரை நாடிச் சென்று, அவருடன் தங்கி, அவர் ஏவிய பணிகளைச் செய்து, அவர் வாய்ச்சொல்லைச் செவியாரக் கேட்டு மாணவர் பயின்றனர். இக்காலத்திலோ ஆசிரியர் ஒரு நாட்டிலும் மாணவர் மற்றொரு நாட்டிலும் இருந்தவாறே கற்பித்தலும் கற்றலும் நிகழ்கின்றன. இணையம் என்னும் பெருவலை இதற்கு வழிகோலியுள்ளது. கணிதம், வரலாறு போன்ற பாடங்களை இவ்வாறு கற்கலாம் என்பதை எவரும் ஒப்புவர். ஆயின், கண்ணும் கையும் பழகவேண்டிய ஒரு கலையை, ஆசிரியர் அருகில் இல்லாமல் கற்க இயலுமா? இவ்வினாவிற்கு ஒளிப்படக் கலையைக் கொண்டும், மரக்காணத்து உப்பளக் கரையைக் கொண்டும் விடை காணலாம். உப்பளத்திற்கும் ஒளிப்படத்திற்கும் யாது தொடர்பு என்று ஐயுறுதல் வேண்டா. அத்தொடர்பு மிக நெருங்கியது என்பது மேலே விளங்கும்.

தொலைவிலிருந்து கற்றல் நேற்றுத் தோன்றிய வழக்கம் அன்று. இங்கிலாந்து நாட்டில் 1840-ஆம் ஆண்டில் ஒரே சீரான பென்னி அஞ்சல் முறை ஏற்பட்டது. அவ்வாண்டிலேயே ஐசக் பிட்மன் என்பார் தாம் வகுத்த சுருக்கெழுத்தை அஞ்சல் வாயிலாகக் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர் எழுதி அனுப்பிய பயிற்சிகளை அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். 1858-ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளில் சேராது வெளியிலிருந்து படிப்போர்க்கும் பட்டம் வழங்க முற்பட்டது. நம் நாட்டில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962-ஆம் ஆண்டில் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ஆம் ஆண்டில் அதனை மேற்கொண்டது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ஆம் ஆண்டிலும் நிறுவப்பெற்றன. 2017-ஆம் ஆண்டில் நடுவண் அரசு 'ஸ்வயம்' என்னும் இணையவழிப் பாடத்தளத்தைத் தொடங்கியது. அஞ்சற்காரர் கொணர்ந்த பாடத்தை இன்று கம்பியும் அலைக்கற்றையும் கொணர்கின்றன. முறை பழையது, ஊர்தியே புதியது.

ஒளிப்படக் கலையின் வரலாறும் ஏறத்தாழ அக்காலத்திலேயே தொடங்குகின்றது. பிரான்சு நாட்டு டாகர் என்பாரின் முறை 1839-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பெற்றது. இங்கிலாந்தில் டால்பட் என்பார் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தாளில் ஒளியைப் பதிக்கும் முயற்சியில் ஈடுபட்டு வெற்றி கண்டிருந்தார். சென்னையில் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்பார் 1850-ஆம் ஆண்டில் ஒரு கலைப்பள்ளியை நிறுவினார். அப்பள்ளியில் ஒளிப்படக் கலையும் சில ஆண்டுகளில் இடம்பெற்றது. அதுவே இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பெற்ற லின்னியஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, 1858-ஆம் ஆண்டில் தஞ்சை, மதுரை முதலிய ஊர்களின் கோயில்களைப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அமைத்தார். பெரும் கருவியையும் தாள்களையும் மருந்துகளையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிச் சென்று செய்த அருஞ்செயல் அது.

இனி மரக்காணத்தை நோக்குவோம். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்தது இவ்வூர். சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்று அறிஞர் கருதுவர். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் துறைமுகப் பட்டினம் அது. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இப்பகுதியிலேயே முடிகின்றது. ஊரின் தெற்கே கழுவெளி என்னும் பரந்த உவர்நீர் நிலை உள்ளது. அது 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சாலையில் செல்வோர் இருமருங்கும் கண்ணாடி பதித்தாற்போன்ற பாத்திகளையும், அவற்றின் ஓரங்களில் வெண்குன்றுகள்போல் நிற்கும் உப்புக் குவியல்களையும் காணலாம்.

உப்பு விளையும் முறை எளியது போலத் தோன்றும். ஆயின் அதற்கு நுண்ணிய கவனம் வேண்டும். கடல்நீரின் நூறு பங்கு எடையில் ஏறத்தாழ மூன்றரைப் பங்கே உப்புப் பொருள்கள். அந்நீரை முதலில் ஒரு பெரும் தேக்கத்தில் நிறுத்துவர். பின்னர் ஆழமற்ற பாத்திகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்ச்சுவர். வெயிலும் காற்றும் நீரை உண்ண, நீர் மேன்மேலும் செறியும். முதலில் சுண்ணாம்பு வகைப் பொருள்கள் படியும். நீர் தன் முன்னைய அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது கறியுப்பு மணிமணியாகத் திரளத் தொடங்கும். எஞ்சிய கசப்பு நீரை உரிய வேளையில் வெளியேற்றிவிட வேண்டும். தவறினால் உப்பும் கசக்கும். நன்கு மிதித்து இறுக்கிய பாத்தித் தரையில் திரண்ட உப்பை, நீண்ட கழியில் பலகை பொருத்திய கருவியால் தொழிலாளர் வாரி வரப்பில் சேர்ப்பர். வெயில் ஏறுமுன் முடிக்கவேண்டி விடியலுக்கு முன்பே பணி தொடங்கும். வடகிழக்குப் பருவமழை வந்ததும் பாத்திகள் நீரில் மூழ்கும், தொழில் நின்றுவிடும்.

இவ்வூரில் வாழும் மாணவி ஒருத்தி, கல்லூரியில் இளங்கலை முடித்து, அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒளிப்படக் கலையில் முதுகலைப் பட்டத்திற்கு இணையவழியில் பயில்கின்றாள் எனக் கொள்க. அத்தகைய படிப்புகள் உண்மையிலேயே உள்ளன. இங்கிலாந்தின் பால்மத் பல்கலைக்கழகமும், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிலுள்ள கலைப் பல்கலைக்கழகமும் ஒளிப்படக் கலையில் முதுநிலைப் படிப்பை இணையவழியில் நடத்திவந்துள்ளன. அம்மாணவிக்கு நேரும் இன்பதுன்பங்கள் இவ்வழியில் கற்போர் பலர்க்கும் பொதுவானவை.

அவளுக்கு முதலில் இடர் தருவது காலம். இலண்டனில் மாரிக்கால மாலை 7 மணிக்குத் தொடங்கும் வகுப்பு, மரக்காணத்தில் நள்ளிரவு கடந்து 12.30 மணிக்குத் தொடங்கும். கலிபோர்னியாவில் மாலை 6 மணி வகுப்பு நமக்கு மறுநாள் காலை 7.30 மணி. ஊர் உறங்கும்போது அவள் விழித்திருப்பாள். தாய் உப்பு வாரப் புறப்படும்போது அவள் கண்ணயர்வாள். இரண்டாவது இடர், மின்சாரமும் இணையத் தொடர்பும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரை கடந்தபோது மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய நாள்களில் உணவும் குடிநீருமே பெருங்கவலை. பாடத்தை எங்ஙனம் நினைப்பது? ஆகவே, வகுப்புகளைப் பதிவு செய்து வைத்து, பின்னர்க் கேட்க வகைசெய்யும் நிறுவனமே தொலைவில் கற்போர்க்கு உற்ற துணையாகும்.

இனி, கற்றலின் உட்பொருளைக் காண்போம். அம்மாணவி தன் ஊரின் உப்புக் குவியலையே முதற் பயிற்சியாகப் படம் எடுக்கின்றாள். கண்ணுக்குப் பால்போல் வெளுத்த உப்பு, படத்தில் சாம்பல் நிறமாகத் தோன்றுகின்றது. கருவி பழுதோ என்று அவள் மயங்குகின்றாள். படத்தைக் கண்ட ஆசிரியர், "கருவி பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லிற்று" என்று விளக்குகின்றார். ஒளியளக்கும் கருவி, தன் எதிரே உள்ள காட்சி முழுவதும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் உடையது எனக் கொண்டு அளக்கின்றது. வெண்மை நிறைந்த காட்சி வந்தால், ஒளி மிகுந்துவிட்டது என்று கருதி ஒளியைக் குறைத்துவிடுகின்றது. கரிய காட்சி வந்தால் ஒளியைக் கூட்டிவிடுகின்றது. ஆதலின் உப்பை வெண்மையாகக் காட்டவேண்டுமாயின், கருவி கூறும் அளவினும் ஒன்றிரண்டு படி மிகுதியாக ஒளியை உட்புகவிடல் வேண்டும்.

அவ்வாறு செய்தபின் வேறொரு சிக்கல் எழுகின்றது. உப்பின் ஒளி அளவிற்கு ஏற்பக் கருவியை அமைத்தால், தலையில் துணி போர்த்திய தொழிலாளியின் முகம் இருண்டுவிடுகின்றது. முகத்திற்கு ஏற்ப அமைத்தால் உப்பு வெறும் வெள்ளைத் தாளாகிவிடுகின்றது. அதன் மணிகள் புலப்படுவதில்லை. மனிதக் கண் ஒரே பார்வையில் காணும் ஒளி, இருள் வேறுபாட்டைக் கருவி முழுவதும் ஏற்க வல்லதன்று. இதற்குத் தீர்வு கருவியில் இல்லை, காலத்தில் உள்ளது. கதிரவன் தாழ்ந்து நிற்கும் விடியலிலும் மாலையிலும் ஒளி மென்மையாகின்றது. பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு மணிக்கும் ஒரு சிறு நிழலைத் தருகின்றது. தொழிலாளர் உழைக்கும் நேரமும் அதுவே. ஆகவே நள்ளிரவு வகுப்பு முடித்த மாணவி, உறங்காது, தாயுடன் உப்பளத்திற்குச் செல்கின்றாள். காற்றில் பறக்கும் உப்பு நீர்த்துளி கருவியின் உலோகத்தை அரித்துவிடும் என்பதால், அதனை உறையிட்டுக் காத்து, வீடு திரும்பியதும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி வைக்கின்றாள். இந்தப் பாடத்தை எந்த நாட்டுப் பாடநூலும் அவளுக்குக் கூறவில்லை. மரக்காணத்துக் காற்று கற்பித்தது.

ஆசிரியர் தரும் அடுத்த பயிற்சி, பழைய முறையில் படம் ஆக்குதல். இங்கேதான் உப்பும் ஒளியும் ஒன்றுகூடுகின்றன. டால்பட் முதலில் கையாண்ட தாள், உப்புத்தாள் எனப்படும். நல்ல தாளை மெல்லிய உப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்துவர். அதன்மேல் மங்கிய ஒளியில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைத் தூரிகையால் பூசுவர். உப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்தது. அதிலுள்ள குளோரின் கூறு வெள்ளியுடன் கூடி வெள்ளிக் குளோரைடாகித் தாளின் இழைகளில் தங்கும். அத்தாளின்மேல் எதிர்ப்படத்தை வைத்து வெயிலில் காட்டினால், ஒளி பட்ட இடமெல்லாம் வெள்ளித் துகள் பிரிந்து கருகும். ஒளி மறைந்த இடம் வெண்மையாகவே நிற்கும். டால்பட் மற்றொரு விந்தையையும் கண்டார். உப்புக் குறைவாயின் தாள் ஒளிக்கு விரைந்து இணங்கும். உப்பு மிகுமாயின் ஒளிக்கு இணங்காது நிற்கும். ஆதலின் உருவம் தோன்றியபின் செறிந்த உப்புநீரில் அதனை நனைத்து மேலும் கருகாமல் காத்தார். தாளை விழிக்கச் செய்ததும் உப்பே. உறங்கச் செய்ததும் உப்பே. பின்னர், ஜான் ஹெர்ஷல் என்னும் அறிஞர் எடுத்துரைத்த 'ஹைப்போ' என்னும் பொருள் படத்தை நிலைநிறுத்தும் நல்ல மருந்தாக வழக்கத்திற்கு வந்தது.

மாணவி கடைக்குச் சென்று தூய உப்பு வாங்கவில்லை. தாய் வாரிய உப்பில் ஒரு பிடி எடுத்து, நீரில் கரைத்து, மண்ணும் தூசும் நீங்க வடிகட்டினாள். வெள்ளி நைட்ரேட்டு தோலில் பட்டால் கருங்கறை படியும். கண்ணில் பட்டால் பெருந்தீங்கு செய்யும். ஆதலின் கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டாள். முதல் தாள் திட்டுத்திட்டாகக் கருகியது, இரண்டாவது வெளிறியது, மூன்றாவதில் உருவம் தெளிந்தது. தாளைத் தூரிகையால் ஒரே சீராகப் பூசும் கைப்பக்குவத்தை ஆசிரியர் திரையில் பத்து முறை காட்டியும் அவளுக்கு அது முதலில் கைவரவில்லை. அருகில் நின்று மணிக்கட்டைப் பிடித்துக் காட்டுவார் ஒருவர் இருந்திருப்பின் ஒரே நாளில் வந்திருக்கும். தொலைக்கல்வியின் குறை இதுவே. செய்தி கடல் கடந்து வரும். ஆனால் கையின் தொடுகை வாராது.

குறை வேறும் உண்டு. ஆசிரியர் தம் திரையில் காணும் நிறமும், மாணவி தன் திரையில் காணும் நிறமும் ஒன்றாதல் அரிது. அவள் நீலம் என எண்ணி அனுப்பியது அங்கே பசுமை தோன்றலாம். இரு திரைகளையும் ஓர் அளவிற்கு இசைவித்தால் அன்றி நிறத்தைப் பற்றிய உரையாடல் பயன்படாது. மேலும், ஒரே அறையில் உடன் பயில்வோரின் படங்களைச் சுவரில் தொங்கவிட்டு, நின்று நோக்கி, வாதிட்டுக் கற்கும் வாய்ப்பும் குறைவு. ஆனால் இதற்கு ஈடாக ஒரு நன்மை உண்டு. ஒரே வகுப்பில் பல நாட்டு மாணவர் கூடுகின்றனர். பனி மூடிய நாட்டில் வாழும் ஒருவன் பனிப்பரப்பைப் படம் எடுக்கும்போதும் உப்புக் குவியலின் அதே இடரைச் சந்திக்கின்றான். பனியும் உப்பும் ஒளியின் முன் உடன்பிறந்தன என்பதை இருவரும் ஒருவர் வாயிலாக ஒருவர் அறிகின்றனர்.

மாணவி அனுப்பிய படங்களுள் ஒன்றை வகுப்பினர் பெரிதும் புகழ்ந்தனர். செவ்வானம், வெண்குவியல், அதன்மேல் குனிந்த கரிய உருவம், அழகிய காட்சிதான். ஆசிரியர் மட்டும் ஒரு வினா எழுப்பினார்: "இவர் யார்? இவரிடம் கேட்டு எடுத்தாயா?" மாணவி விடை கூற இயலாது நின்றாள். நாள்தோறும் கண்டு பழகிய பக்கத்து வீட்டு மூதாட்டியே அவ்வுருவம். ஆயினும் படத்தில் அவர்க்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. உப்பின் வெண்மையைக் காட்டுவதற்கு ஒரு கரும்புள்ளியாக அவர் அமைந்துவிட்டார். கண்ணைக் கூசவைக்கும் ஒளியில் ஆண்டுக்கணக்காக உழைத்ததால் மங்கிய பார்வையும், உப்புநீரில் நின்று வெடித்த பாதங்களும் அப்படத்தில் இல்லை. அழகு இருந்தது, உண்மை பாதியே இருந்தது.

மறுநாள் விடியலில் மாணவி அவரிடம் சென்றாள்.

"பெரியம்மா, உங்களைப் படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டாள்.

"எடுத்துக்கொள், கண்ணு. ஆனால் எனக்கும் ஒன்று தரவேண்டும். அடையாள அட்டையில் இருப்பதைத் தவிர எனக்கென்று ஒரு படமும் இல்லை" என்றார் மூதாட்டி.

"எப்படி எடுக்கட்டும், பெரியம்மா?"

"வாரும்போது எடுக்காதே. வாரி முடித்து நிமிர்ந்து நிற்கும்போது எடு. குனிந்த முதுகைத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறார்களே."

அவர் கூறியவாறே மாணவி எடுத்தாள். குவியலின் அருகே, பலகைக் கழியை ஊன்றி, நிமிர்ந்து நிற்கும் அவ்வுருவத்தை உப்புத்தாளில் ஆக்கினாள். அவர் வாரிய உப்பே அவர் உருவத்தைத் தாங்கிற்று. ஒரு படி பல்கலைக்கழகத்திற்குச் சென்றது; மற்றொரு படி மூதாட்டியின் வீட்டுச் சுவரில் இடம்பெற்றது. எந்தப் படிக்கு மதிப்பு மிகுதி என்பதை மாணவியே அறிவாள்.

இவ்வாறு நோக்கின், முதலில் எழுப்பிய வினாவிற்கு விடை கிடைக்கின்றது. கண்ணும் கையும் பழகவேண்டிய கலையையும் தொலைவிலிருந்து கற்கலாம். ஆனால் அதற்குச் சில துணைகள் வேண்டும். சேருமுன் அப்படிப்பு நம் நாட்டில் ஏற்கப்படுவதா என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள்வழி ஆராய்தல் வேண்டும். செலவையும் உதவித்தொகையையும் கணக்கிடல் வேண்டும். கையால் செய்யும் பகுதியை, அண்மை ஊரில் தொழில் வல்லார் ஒருவரிடம் சில நாளேனும் நேரில் பழகுதல் வேண்டும். அனைத்தினும் மேலாக, தான் வாழும் இடத்தையே பள்ளியாகக் கருதும் மனம் வேண்டும். ஆசிரியர் தொலைவிலிருந்து தருவது வினா மட்டுமே. விடை மாணவரின் காலடியில் உள்ளது.

உப்பிற்குத் தனியே சுவைப்பார் இல்லை. உணவுடன் கலந்து பிறவற்றின் சுவையைப் புலப்படுத்துவதே அதன் பெருமை. கல்வியும் அத்தகையது. கற்றவர் தம்மைக் காட்டுவதற்கு அன்றி, தம்மைச் சூழ்ந்தோரின் உழைப்பையும் உயர்வையும் உலகிற்குப் புலப்படுத்துவதற்கு அது பயன்படுமாயின், எங்கிருந்து கற்றாலும் அக்கல்வி நற்கல்வியேயாகும்.